படமும் பெயரும்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரிடம் புகைப்படங்கள் சேர்ந்த வரலாறு

முன்னுரை

புகைப்படங்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்வோர் பெரும்பாலும் இரண்டு வினாக்களையே எழுப்புகின்றனர். படத்தை எடுத்தவர் யார் என்பது ஒன்று. படத்தில் காணப்படுவது என்ன என்பது மற்றொன்று. எடுக்கப்பட்ட படம் இறுதியில் யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்னும் மூன்றாவது வினா அரிதாகவே கேட்கப்படுகிறது. மலேசியத் தமிழர் வரலாற்றைப் பொறுத்தவரையில் இம்மூன்றாவது வினாவுக்குத் தனிச்சிறப்பு உண்டு என்பது நமது கருத்து.

கோலாலம்பூரையும் கிள்ளானையும் உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழர் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் படம் பிடிக்கப்பட்டு வந்துள்ளனர். அஞ்சலட்டைகளிலும் அரசாங்க அறிக்கைகளிலும் தோட்ட நிறுவனங்களின் வெளியீடுகளிலும் சுற்றுலா விளம்பரங்களிலும் அவர்தம் முகங்கள் இடம்பெற்றுள்ளன. எனினும், அப்படங்களுள் படத்தில் இருப்பவரிடமே வந்து சேர்ந்தவை எத்தனை என்று பார்க்கும்போது வேறொரு வரலாறு புலப்படுகிறது. படம் உரியவரிடம் சேர்ந்த காலங்களில் பெயரும் படத்தோடு எழுதப்பட்டது. சேராத காலங்களில் முகம் மட்டும் எஞ்ச, பெயர் மறைந்து போயிற்று. மின்னியல் புகைப்படம் பரவிவிட்ட இக்காலத்திலும் இவ்வுண்மை மாறவில்லை. இதனைக் காலவரிசையில் எடுத்துக்காட்டி, படத்தை உரியவரிடம் ஒப்படைப்பதில் ஆய்வாளர்க்குள்ள கடமையைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எடுத்தவரிடமே தங்கிய படங்கள்

மலாயாவில் புகைப்படக்கலை வேரூன்றிய காலத்திலேயே தமிழகத்திலிருந்து வந்தோர் அதனோடு தொடர்பு கொண்டிருந்தனர். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் தாம்சன் 1862இல் பினாங்கில் தங்கிப் படமெடுத்தார். அப்போது, படங்களை அச்சிட்டுத் தரவும் உதவியாளராக இருக்கவும் சென்னை மாகாணத்தவர் இருவரைப் பயிற்றுவித்ததாக 1875இல் வெளிவந்த தம் பயண நூலில் அவர் எழுதியுள்ளார். இருட்டறைத் தொழில் நுணுக்கத்தைக் கற்றுத் தேர்ந்த அவ்விருவரும் யார் என்பதை அவர் கூறவில்லை. தாம்சனின் பெயர் உலகப் புகைப்பட வரலாற்றில் நிலைத்துவிட்டது. அவர் படங்களுக்கு உருக்கொடுத்த கைகள் பெயரின்றிப் போயின.

அடுத்து வந்த வணிகப் புகைப்பட நிறுவனங்களின் நிலையும் இதுவே. சிங்கப்பூரில் இயங்கிய ஜி.ஆர். லாம்பர்ட் நிறுவனமும், சுமத்ராவின் மேடானில் நிலையம் வைத்திருந்த கிளைன்குரோதேயும் தீபகற்பத்தின் காட்சிகளைப் பெருமளவில் படமாக்கினர். கிளைன்குரோதே 1907இல் வெளியிட்ட மலாய்த் தீபகற்பப் படத்தொகுப்பில் ஈயச் சுரங்கங்களும் ரப்பர்த் தோட்டங்களும் இரயில் பாதைகளும் அரசாங்கக் கட்டடங்களும் இடம்பெற்றன. 1908இல் ஆர்னால்டு ரைட் பதிப்பித்த பிரிட்டிஷ் மலாயா பற்றிய பெருநூல் தோட்டங்களையும் அவற்றை நடத்தியோரையும் விரிவாகக் காட்டிற்று. இவ்வகை வெளியீடுகளில் ஓர் ஒழுங்கு காணப்படுகிறது. முதலீட்டாளர், மேலாளர், வணிகர் ஆகியோரின் உருவப்படங்களுக்குக் கீழே பெயர் உண்டு. துரையின் பங்களாவுக்கும் பெயர் உண்டு. பால்மரம் சீவுவோரும் தண்டவாளம் இடுவோரும் இனப்பெயராலோ தொழிற்பெயராலோ மட்டுமே சுட்டப்பட்டனர்.

இதற்குக் காரணம் எடுத்தவரின் மனப்போக்கு மட்டுமன்று. படத்தின் பயணப் பாதையையும் நாம் கருத வேண்டும். கண்ணாடித் தகட்டில் பதிந்த உருவம் நகரத்து நிலையத்திற்குச் சென்றது. அங்கிருந்து அச்சகத்திற்கும், அஞ்சலட்டையாகச் சுற்றுலாப் பயணியர் கைக்கும், இலண்டனிலிருந்த பங்குதாரர் மேசைக்கும் சென்றது. அப்பாதையில் தோட்டத்து லயம் ஒரு நிறுத்தமாக இருக்கவில்லை. படத்தைத் திருப்பித் தரும் எண்ணம் இருந்திருந்தால், யாருக்குத் தருவது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் பெயர் எழுதப்பட்டிருக்கும். திருப்பித் தரும் தேவையே எழாதபோது பெயரைக் குறிக்கும் தேவையும் எழவில்லை.

மொரீசியசின் நிலையோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு விளங்கும். அங்கு 1860களில் ஒப்பந்தக் காலம் முடித்த இந்தியத் தொழிலாளர் புகைப்படம் ஒட்டிய சீட்டை வைத்திருக்க வேண்டுமெனச் சட்டம் செய்யப்பட்டது. தொழிலாளரைக் கட்டுப்படுத்தவே வந்த கடுமையான சட்டம் அது. ஆயினும், அதனால் முகமும் பெயரும் எண்ணும் ஒன்றாகப் பதிவாயின. மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம் அவ்வாவணங்களைப் பாதுகாத்து வருவதால் மொரீசியசு நாட்டவர் தம் முன்னோரைத் தேடிக் கண்டறிய முடிகிறது. மலாயாவில் ஒப்பந்தக்கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணி வழியான ஆள்சேர்ப்பு 1938 வரை நீடித்தது. எளிய மக்கள் அனைவரையும் முகத்தோடும் பெயரோடும் பதிவு செய்யும் ஏற்பாடு அதற்கும் பத்தாண்டுகள் கழித்தே வந்தது.

பெயர் எழுதப்பட்ட படங்கள்

இதே காலத்தில் தமிழருள் ஒரு பிரிவினர் தம் படங்களைத் தாமே பெற்றுப் பாதுகாத்தனர் என்பதும் குறிப்பிடத்தக்கது. 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. அதன்பின் இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத் தமிழர் பலர் எழுத்தராகவும் நிலைய அதிகாரியாகவும் பணியேற்றனர். பிரிக்பீல்ட்ஸ் அவர்களின் முக்கிய வாழிடங்களுள் ஒன்றாயிற்று. பணி ஓய்வு, இடமாற்றம், சங்க ஆண்டுக்கூட்டம், திருமணம் எனும் நிகழ்வுகளில் குழுப்படம் எடுப்பது அவர்களிடம் வழக்கமாக இருந்தது. படத்தை அட்டையில் ஒட்டி, அமர்ந்திருப்போர், நிற்போர் என வரிசை பிரித்து இடமிருந்து வலமாகப் பெயர் அச்சிட்டனர். படத்தில் இருந்தவர்க்கு அதன் படி கிடைத்தது. அது கண்ணாடிச் சட்டமிட்டு வீட்டுக் கூடத்தில் தொங்கியது.

எஸ். துரைராஜசிங்கம், மலேசிய சிங்கப்பூர் இலங்கையரின் 1867 முதல் 1967 வரையான நூறாண்டு வரலாற்றைத் தொகுத்தபோது, ஆட்களைப் பற்றிய செய்திகளையும் படங்களையும் பெருமளவில் திரட்ட முடிந்ததற்கு இவ்வழக்கம் துணைநின்றது எனலாம். படங்கள் வீடுகளில் இருந்தன. பெயர்கள் படங்களில் இருந்தன. தோட்டத் தொழிலாளரின் நூறாண்டு வரலாற்றை அவ்வாறு முகமும் பெயருமாகத் தொகுக்க ஒருவர் முற்பட்டால் அவர்க்குக் கிடைக்கும் மூலங்கள் மிகக் குறைவு. இவ்விரு பிரிவினர்க்கும் இடையே இருந்த கல்வி, வருவாய் வேற்றுமை நாம் அறிந்ததே. அவ்வேற்றுமை நினைவைக் காக்கும் வாய்ப்பிலும் வெளிப்பட்டது.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் பின்னும் பட்டணங்களில் பெருகிய புகைப்பட நிலையங்கள் இவ்வேற்றுமையைச் சற்றே குறைத்தன. தோட்ட மக்களும் சம்பளம் பெற்ற பின்னர்ப் பட்டணம் சென்று, வண்ணத்திரையின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டனர். அவற்றுள் ஒரு படி ஊரிலுள்ள பெற்றோர்க்குக் கடிதத்தோடு அஞ்சலில் சென்றது. பெண் பார்க்கும் முயற்சிக்கும் அது பயன்பட்டது. படம் எடுத்தால் ஆயுள் குறையும் எனும் அச்சம் முதியோரிடையே இருந்தபோதும், கடல் கடந்த பிரிவு அவ்வச்சத்தை வென்றது. படத்தின் பின்புறத்தில் பெயர், உறவுமுறை, தோட்டத்தின் பெயர், தேதி ஆகியன மையால் எழுதப்பட்டன. ஊரிலுள்ளோர் அறிய வேண்டுமென எழுதப்பட்ட அச்சில வரிகளே இன்று நமக்கு வரலாற்றுக் குறிப்புகளாக உதவுகின்றன.

அடையாள அட்டை தந்த முகம்

1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. அதனையொட்டி 12 வயது நிரம்பிய அனைவரும் பதிந்துகொண்டு, புகைப்படமும் கட்டைவிரல் ரேகையும் உள்ள அடையாள அட்டையைப் பெற வேண்டுமென அரசு விதித்தது. பதிவு அலுவலரும் படமெடுப்போரும் தோட்டங்களுக்கும் கம்பங்களுக்கும் அனுப்பப்பட்டனர். கம்யூனிஸ்டுப் போராளிகள் அவ்வட்டைகளைப் பறித்து அழிக்க முயன்றமை, அச்சிறு படத்திற்கு இருந்த அரசியல் மதிப்பைக் காட்டும்.

மக்களைக் கண்காணிக்கும் நோக்கில் எழுந்ததே இத்திட்டம். இருப்பினும், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த பல்லாயிரம் தமிழர்க்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, வாழ்நாளில் எடுக்கப்பட்ட முதற்படம் அடையாள அட்டைப் படமாகவே இருந்தது. படத்தில் இருப்பவரிடமே அப்படம் கட்டாயமாக ஒப்படைக்கப்பட்டது என்பதே இதிலுள்ள சிறப்பு. பெயரும் முகமும் ஒரே தாளில் அமைந்தன. பெயர் எழுத்துக்கூட்டலில் பிழை மலிந்திருந்தது. தந்தை பெயரும் பிறந்த ஆண்டும் எழுதியவர் கேட்டவாறு அமைந்தன. என்றாலும், அரசாங்கத்தின் முன் ஒருவர் இன்னார் என்று நிறுவும் சான்று முதன்முறையாக அவர் கைக்கு வந்தது.

விடுதலைக்குப் பின் இச்சான்றின் நிறமே வாழ்வைத் தீர்மானித்தது. குடியுரிமை பெற்றோர் நீல அட்டையும் பெறாதோர் சிவப்பு அட்டையும் வைத்திருந்தனர். குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டுமென்னும் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவாகத் தோட்டத் தமிழர் பலர் தமிழகம் திரும்ப நேர்ந்தது. குடும்பங்கள் இரு நாடுகளுக்கிடையே பிளவுபட்டபோது எஞ்சிய தொடர்பு கடிதமும் படமுமே.

அடையாள அட்டைப் படத்திற்கு இன்னொரு பயனும் ஏற்பட்டது. ஒருவர் இறந்தபின் மாலையிட்டு விளக்கேற்றவும் பதினாறாம் நாள் சடங்கில் வைக்கவும் படம் வேண்டும். தமிழ் நாளிதழ்களில் கண்ணீர் அஞ்சலியும் ஆண்டு நினைவஞ்சலியும் வெளியிடவும் படம் வேண்டும். 1924இல் தொடங்கி 2019 வரை வெளிவந்த தமிழ் நேசன் முதலிய இதழ்களின் அஞ்சலிப் பக்கங்களில் காணப்படும் நேர்நோக்கிய, புன்னகையற்ற சிறு முகங்களுள் பல இவ்வட்டைப் படங்களிலிருந்து பெரிதாக்கப்பட்டவை என்பது பார்த்த அளவில் புலனாகும். வாழ்நாள் முழுவதும் தோட்டத்தில் பலராலும் படமெடுக்கப்பட்டிருக்கக்கூடிய ஒருவர்க்கு, அவர் குடும்பத்தாரிடம் எஞ்சிய ஒரே படம் அவசரகால ஆட்சி எடுத்துக் கொடுத்ததே.

படச்சுருள் காலத்தின் செலவும் ஒப்படைப்பும்

1970களிலிருந்து வண்ணப்படமும், விரைவில் அச்சிட்டுத் தரும் இயந்திரங்களும் பரவின. திருமணம், பூப்புனித நீராட்டு, கோயில் திருவிழா ஆகியவற்றைப் படமெடுப்பது தொழிலாக வளர்ந்தது. ஒரு சுருளில் 36 படங்கள். சுருள் வாங்கவும் கழுவவும் அச்சிடவும் தனித்தனியே பணம் வேண்டும். ஆகவே ஒவ்வொரு படமும் யாருக்காக எடுக்கப்பட்டது என்பதில் தெளிவு இருந்தது. முன்பணம், பற்றுச்சீட்டு, படத்தைப் பெறும் நாள் என ஒழுங்கமைந்த ஒப்படைப்பு முறை நிலவியது. நிலையத்தின் பதிவேட்டில் வாடிக்கையாளர் பெயர் இருந்தது.

பணம் கொடுத்தவர்க்கே படம் என்பதே இம்முறையின் எல்லை. தமிழ்ப்பள்ளிகளில் ஆண்டுதோறும் எடுக்கப்பட்ட வகுப்புப் படம் இதற்குத் தக்க சான்று. பள்ளியின் பெயரும் ஆண்டும் மாணவர் பெயர்களும் அச்சிட்ட அட்டையில் படம் வரும். விலை கொடுத்த பிள்ளை வாங்கிச் செல்லும். கொடுக்க இயலாத பிள்ளை படத்தில் இருப்பினும் படம் அதன் வீட்டிற்கு வாராது. பிற்காலத்தில் அப்பள்ளியின் வரலாற்றை எழுதுவோர் பழைய மாணவரிடம் படம் கேட்கும்போது, மிக வறிய குடும்பங்களிலிருந்து எதுவும் கிடைப்பதில்லை. யார் வாங்கினார் என்பதே யார் நினைவுகூரப்படுவார் என்பதைப் பெரிதும் முடிவு செய்தது.

விலை கொடுக்கும் நிலையில் இல்லாதவர்க்கும் கேட்கும் உரிமை இல்லாதவர்க்கும் நிகழ்ந்தது இன்னும் மோசம். பத்துமலைத் தைப்பூசத்தில் அலகு குத்தியும் காவடி ஏந்தியும் 272 படிகள் ஏறிய பக்தர்களை நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் அயல்நாடுகளிலிருந்தும் வந்தோர் படமெடுத்தனர். அப்படங்கள் நூல்களிலும் நாட்காட்டிகளிலும் சுற்றுலா வெளியீடுகளிலும் இடம்பெற்றன. நேர்த்திக்கடன் செலுத்தியவர் தம் வாழ்வின் அரிய கணம் ஒன்று எங்கோ அச்சாகியிருப்பதை அறியாமலேயே இருந்தார். 1900களின் அஞ்சலட்டை வழக்கம் இங்கு வேறு உருவில் தொடர்ந்தது எனலாம்.

முகவரி இழந்த மக்கள்

படத்தை ஒப்படைக்க விருப்பம் இருந்தாலும் இடம் தெரிய வேண்டும். தோட்டத்து மக்களுக்குத் தோட்ட அலுவலகமே முகவரியாக இருந்தது. கிராணியிடம் வந்த கடிதம் தண்டல் வழியாகவோ பிள்ளைகள் வழியாகவோ லயத்திற்குப் போய்ச் சேரும். தோட்டம் இருக்கும்வரை அம்முகவரி பிழைபடாது.

தோட்டம் நிலைத்திருக்கவில்லை என்பதே கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாறு. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த தோட்டத் துண்டாடலை உங்கு அஜீஸ் ஆராய்ந்து அதனால் தொழிலாளர் அடைந்த இடர்களை எடுத்துரைத்தார். பின்னர் நகர விரிவாக்கம் வந்தது. சுங்கை ரெங்கம் தோட்டம் இருந்த நிலத்தில் ஷா ஆலாம் எழுந்தது. சீபீல்டு தோட்டத்தில் 1970களின் இடையில் சுபாங் ஜெயா உருவாயிற்று. எபிங்காம் தோட்டம் பண்டார் உத்தாமாவாக மாறியது. லயங்களில் வாழ்ந்தோர் நீண்ட வீடுகளுக்கும் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும், பின்னர் அடுக்குமாடி வீடுகளுக்கும் சிதறினர். ஒவ்வொரு பெயர்வின்போதும் தகரப் பெட்டியிலும் பாய்க்கடியிலும் இருந்த படங்கள் நனைந்தன, பூஞ்சை பிடித்தன, சில தொலைந்தன.

பட்டணத்திலும் இதுவே நிகழ்ந்தது. பிரிக்பீல்ட்சில் அரசு ஊழியர் குடியிருப்பாக விளங்கிய ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ் வரிசை வீடுகளின் ஒரு பகுதி மேம்பாட்டுக்காக இடிக்கப்பட்டது. இரயில்வே நிலங்களில் 2001இல் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வருகையின்போது ‘லிட்டில் இந்தியா’ எனும் புதிய அடையாளம் அப்பகுதிக்கு முறைப்படி வழங்கப்பட்டது. கிள்ளானின் தெங்கு கிளானா சாலையிலும் பண்டிகைக் காலங்களில் ஆயிரக்கணக்கான படங்கள் எடுக்கப்படுகின்றன. தெருக்களின் படங்கள் பெருகப் பெருக, அத்தெருக்களில் வாழ்ந்து வெளியேறியோரைத் தேடிச் சென்று சேர்வது கடினமாகிறது.

மின்னியல் படத்தின் வருகை

1990களின் இறுதியிலிருந்து மின்னியல் புகைப்படக் கருவிகள் பொதுமக்கள் வாங்கும் விலைக்கு இறங்கின. படச்சுருளும் கழுவும் செலவும் இல்லாமற்போயின. படம் குறுந்தட்டில் சென்றது; மின்னஞ்சலில் சென்றது; பின்னர் முகநூலிலும் புலனத்திலும் சென்றது. 2001 செப்டம்பரில் அறிமுகமான மைகார்டில் அடையாளப் படமே மின்னியல் வடிவம் பெற்றுச் சில்லுக்குள் அடங்கிற்று. எடுத்த படத்தை உரியவரிடம் சேர்க்க நூறாண்டுகளாகத் தடையாக இருந்த செலவும் தொலைவும் ஏறத்தாழ நீங்கிவிட்டன.

இந்நிலையில் ஒப்படைப்பு தானே நிகழ்ந்திருக்க வேண்டும். அவ்வாறு நிகழாமைக்கு நான்கு காரணங்களைக் குறிப்பிடலாம். முதலாவது, எண்ணிக்கை. 36 படங்கள் எடுத்த இடத்தில் 600 எடுக்கும்போது தேர்ந்தெடுக்கும் வேலையே எடுத்தவர்க்குச் சுமையாகிவிடுகிறது. பிறகு அனுப்புவதாகச் சொன்ன படங்கள் கணினியிலேயே தங்குகின்றன. இரண்டாவது, பெயரின்மை. மின்னியல் கோப்பில் நாள், நேரம், கருவியின் வகை முதலியன தாமாகவே பதிகின்றன. படத்தில் இருப்பவரின் பெயரை மட்டும் எவரேனும் எழுதினால்தான் உண்டு. புலனம் வழியாகச் சாதாரணமாக அனுப்பும்போது படத்தின் அளவு சுருக்கப்படுவதோடு நாள் முதலிய உட்குறிப்புகளும் நீங்கிவிடுகின்றன. ஆவணமாக இணைத்து அனுப்பினாலன்றி மூலக்கோப்பு சேர்வதில்லை.

மூன்றாவது, பெறுபவரின் நிலை. பேரப்பிள்ளையின் கைப்பேசிக்குச் சென்ற படம் பாட்டியிடம் சென்றதாகாது. கைப்பேசி பழுதானாலோ எண் மாறினாலோ படமும் போய்விடும். சுவரில் மாட்டவும் பூசையறையில் வைக்கவும் நமக்குத் தாளில் அமைந்த படம் வேண்டும். நான்காவது, வெளியிடுதலையே ஒப்படைத்தலாகக் கருதும் மயக்கம். முகநூலில் ஏற்றிவிட்டால் உரியவர் பார்த்துக்கொள்வார் என்று எண்ணுவது தவறு. ஊரார் பார்த்த பின் தாம் பார்ப்பதும், தமக்கென்று முதலில் தரப்படுவதும் ஒன்றாகா. கணவனை இழந்த பெண், காவல்துறைத் தொல்லைக்கு அஞ்சும் புறம்போக்குக் குடியிருப்பாளர், ஆவணமற்ற பிள்ளை போன்றோரின் படம் ஊரறிய வெளியாவது தீங்காகவும் முடியலாம்.

பிரிக்பீல்ட்ஸ் இன்னொரு சிந்தனையையும் தூண்டுகிறது. 1951இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கு இயங்குவதால் பார்வையற்றோர் பலர் அப்பகுதியில் வாழ்ந்தும் பணியாற்றியும் வருகின்றனர். தெருக்காட்சியைப் படமெடுப்போரின் படங்களில் அவர்களும் இடம்பெறுகின்றனர். அவர்களிடம் படத்தை ஒப்படைப்பது என்றால், படத்தில் யார், எங்கே, எவ்வாறு உள்ளனர் என்பதைச் சொல்லால் விளக்கித் தருவதும் அதனுள் அடங்கும். ஒப்படைத்தலின் உட்பொருள் தன் உருவம் எவ்வாறு பதிவாயிற்று என்பதை உரியவர் அறியச் செய்தலே என்பது இதனால் தெளிவாகிறது.

திருப்பித் தந்தோரின் முன்மாதிரிகள்

பழைய படங்களை மின்னியல் வடிவில் உரிய மக்களிடம் திருப்பித் தந்த முயற்சிகள் பிற நாடுகளில் நடந்துள்ளன. கனடாவின் தேசிய ஆவணக்காப்பகத்தில் வடதுருவ இனுயிட் மக்களின் படங்கள் பெயரின்றிக் கிடந்தன. ரிச்சர்டு ஹாரிங்டன் 1940களின் இறுதியிலும் 1950களின் தொடக்கத்திலும் எடுத்தவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நுனாவுட் இளைஞர்களின் துணையோடு அப்படங்கள் மடிக்கணினியில் முதியோரிடம் கொண்டு செல்லப்பட்டன. முதியோர் தம் பெற்றோரையும் தோழரையும் அடையாளங்கண்டு பெயர் கூறினர். அரை நூற்றாண்டுக்குப் பின் பெயர்கள் ஆவணத்தில் ஏறின. ஆஸ்திரேலியாவில் 1994இல் தொடங்கிய ஆரா இரிட்டிட்ஜா திட்டம் நடுப்பாலைவனப் பழங்குடியினரின் படங்களைத் திரட்டி, எவை எவரால் பார்க்கத்தக்கவை என்னும் மக்களின் சொந்த விதிகளுக்கு உட்பட்டு அவர்களிடமே சேர்த்தது.

தமிழ் மண்ணிலும் முயற்சி நடந்துள்ளது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் காப்புத் திட்டத்தின் உதவியோடு, தமிழகப் புகைப்பட நிலையங்களின் பழைய குடும்பப் படங்களை மின்னியல் வடிவில் பதிவு செய்தது. மூலப்படங்கள் தம் நாட்டைவிட்டு அகலக் கூடாது என்பது அக்காப்புத் திட்டத்தின் நெறி.

மலாயாவைப் பற்றிய படங்களும் பெருமளவில் அயல்நாட்டில் உள்ளன. இங்கிலாந்தின் தேசிய ஆவணக்காப்பகம் குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் படங்களை 2010களின் தொடக்கத்தில் இணையத்தில் வெளியிட்டு, அறிந்தோர் விளக்கம் சேர்க்குமாறு கேட்டது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் மலாயாவில் பணியாற்றிய ஆங்கிலேயரின் சேகரிப்பு உள்ளது. இவை வரவேற்கத்தக்கன. ஆனால் ஆங்கிலத்தில் அமைந்த இணையப்பக்கத்தில் ஒரு படம் கிடைப்பதால் மட்டும், தோட்டத்தில் பிறந்து இன்று கிள்ளான் அடுக்குமாடி வீடொன்றில் வாழும் எண்பது வயது மூதாட்டியிடம் அது வந்துவிடாது. இனுயிட் முதியோரிடம் மடிக்கணினியைச் சுமந்து சென்ற இளைஞரைப் போன்றோர் இடையில் வேண்டும். நினைவுள்ள தலைமுறை மறைந்து வருவதால் இப்பணிக்குக் காலம் குறைவு.

களஆய்வும் ஒப்படைப்புக் கடமையும்

இடைநின்று உதவும் அப்பொறுப்பு இந்தியவியல் ஆய்வாளர்க்கும் மாணவர்க்கும் உரியது. தோட்டம், கோயில், சடங்கு, தொழில் பற்றிய களஆய்வேடுகளில் படங்கள் இணைக்கப்படுவது மரபு. தகவலாளியின் படம் ஆய்வேட்டில் இடம்பெறுகிறது; ஆய்வேடு நூலகத்தில் இடம்பெறுகிறது. தகவலாளி அந்நூலகத்திற்கு வருவதில்லை.

சட்டம் இவ்விடத்தில் நமக்கு அதிகம் உதவாது. மலேசியப் பதிப்புரிமைச் சட்டம், 1987இன்படி, ஒருவர் பிறரைப் பணித்து ஆக்கிய படைப்பின் உரிமை, வேறு உடன்படிக்கை இல்லாவிடின், பணித்தவர்க்கே செல்லும். அதனால் திருமணப் படத்தைப் பணித்து எடுக்கச் செய்தோர் அதன்மேல் உரிமை கோரலாம். தம்மைப் பிறர் தாமாக வந்து படமெடுக்க நேர்ந்தோர்க்கு இது பொருந்தாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2010 வணிக நடவடிக்கைகளைப் பற்றியது. அது 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே களத்தில் எடுத்த படத்தைத் திருப்பித் தருவது ஆய்வாளரின் அறத்தையே சார்ந்து நிற்கிறது.

நடைமுறையில் இது பெருஞ்செலவோ பேருழைப்போ வேண்டுவதன்று. படமெடுப்பதற்கு முன் இசைவு கேட்பதோடு, படம் எவ்வடிவில் வேண்டும், யாரிடம் சேர்க்க வேண்டும் என்பதையும் கேட்கலாம். குழுப்படமாயின் இடமிருந்து வலமாகப் பெயர்களை அவர்கள் அழைக்கப்படும் வண்ணமே தமிழில் எழுதிக்கொள்ளலாம். அடையாள அட்டையில் உள்ள பெயரும் வீட்டில் வழங்கும் பெயரும் வேறாயின் இரண்டையும் குறிக்கலாம். தேர்ந்தெடுத்த சில படங்களை 4ஆர் அளவில் அச்சிட்டு, பின்புறம் பெயர், இடம், நாள் எழுதி நேரில் தரலாம். மூலக்கோப்புகளைக் குடும்பத்தில் இளையவர் ஒருவரிடம் தனியே சேர்க்கலாம். இறந்தவரின் பழைய படம் ஒன்று பூஞ்சை பிடித்துக் கிடப்பின் அதனை அங்கேயே மறுபடம் எடுத்துச் செம்மைசெய்து தருவது அக்குடும்பத்திற்குப் பேருதவியாகும்.

படத்தை ஒப்படைக்கச் செல்லும் இரண்டாவது பயணம் ஆய்வுக்கும் பயன் தருவது. கையில் படத்தைப் பெற்றவர் அதில் தம்மைப் பார்த்து நின்றுவிடுவதில்லை. பின்னால் தெரியும் மரத்தையும் ஆயாக்கொட்டகையையும் சுட்டிப் பேசுவார். அருகில் நிற்பவர் யார் மகள், எந்தத் தோட்டத்திற்கு வாழ்க்கைப்பட்டுப் போனார் என்பார். எழுதியிருந்த பெயரில் பிழையிருப்பின் திருத்துவார். முதல் நேர்காணலில் கேட்கத் தோன்றாத செய்திகள் அப்போது வெளிப்படும். இனுயிட் படங்களுக்குப் பெயர் கிடைத்ததும் இவ்வகையிலேயே.

முடிவுரை

கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழர் படங்களின் வரலாறு, பெயர் வந்ததும் மறைந்ததுமான வரலாறாக அமைந்துள்ளது. குடியேற்றக் காலப் படங்கள் எடுத்தவரிடமும் விலைக்கு வாங்கியவரிடமும் தங்கின. அவற்றில் பெயர் இல்லை. எழுத்தர் வகுப்பினரின் குழுப்படங்களும் பட்டணத்து நிலையப் படங்களும் உரியவரிடம் வந்தன. அவற்றில் பெயர் உண்டு. 1948ஆம் ஆண்டு அடையாள அட்டை கண்காணிப்பின் பொருட்டேனும் முகத்தையும் பெயரையும் ஒருங்கே அளித்தது. படச்சுருள் காலத்தில் பணம் கொடுத்தவர்க்குப் படம் கிடைத்தது. மின்னியல் காலத்தில் யாவர்க்கும் கிடைக்க வழியிருந்தும், பெயரற்ற கோப்புகள் குவிகின்றன.

இக்கோப்புகள் ஐம்பது ஆண்டுகளுக்குப்பின் திறக்கப்படுமாயின், 1907ஆம் ஆண்டுத் தொகுப்பைக் காணும்போது நமக்கு எழும் அதே வினா அன்றைய ஆய்வாளர்க்கும் எழும்: இவர்கள் யார்? அன்று விடை கூற இயலாமைக்குத் தொழில்நுட்பக் குறையைக் காரணமாகக் காட்ட முடியாது. படத்தில் இருப்போர் இன்று நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களிடம் படத்தைக் கொடுத்து, பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளும் வாய்ப்பு இன்னும் நம்மிடம் உள்ளது.